பழைய மோட்டார் வண்டியின் காபுரேற்றரில் எரிபொருட் கசிவு

இலங்கையின் பல பகுதிகளிலும் கமக்காரர் சிலரின் வளவில் இன்றும் பழைய மோட்டார் வண்டியொன்று ஓடும் நிலையில் இருத்தலைக் காணலாம். பெரும்பாலும் அது மொறிஸ் மைனராகவோ ஒஸ்ரினாகவோ இருக்கும். தந்தையார் வாங்கிய வண்டியை மகன் பேணி வருவான். கத்தரிக்காயும் வெங்காயமும் மிளகாயும் அதிகாலையில் அதன் பின்னிருக்கையிலும் கூரைச் சட்டத்திலும் ஏறிச் சந்தைக்குச் செல்லும். புதிய வண்டிகளிலுள்ள மின்னணுக் கருவிகள் இவற்றில் இல்லாமையால், கைப்பழக்கமுள்ள ஒருவர் திருப்புளியும் ஸ்பனரும் கொண்டே பெரும்பாலான பழுதுகளைத் தாமே திருத்திக்கொள்ளலாம். இவ்வண்டிகள் நிலைத்திருப்பதற்கு அதுவே முதற் காரணம்.

எனினும், ஒரு பழுது மாத்திரம் பழுதென்றே எண்ணப்படாமல் விடப்பட்டு வருகின்றது. வண்டியின் முன்மூடியைத் திறந்ததும் பெற்றோல் மணம் வீசும். காபுரேற்றரின் அடியில் ஈரம் தெரியும். “பழைய வண்டியென்றால் அப்படித்தான்” என்று கூறிச் சீலைத்துண்டால் துடைத்துவிட்டு முன்மூடியைச் சாத்திவிடுவர். இது மிகத் தவறான வழக்கம். பழைய வண்டியின் காபுரேற்றரும் பழுதற்ற நிலையிற் சொட்டும் கசியாது. கசிகின்றதெனின், அதற்குத் தேடிக் காணத்தக்க ஒரு காரணம் உண்டு. பெரும்பாலான வேளைகளில் அது சிறு செலவில் நீக்கத்தக்க காரணமே.

மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வெளிவந்தது. 1956 முதல் வந்த மைனர் 1000 எனும் வகையே பெருந்தொகையாகக் காணப்படுவது. இவ்வகையில் எஸ்.யு. காபுரேற்றர் பொருத்தப்பட்டுள்ளது. கமக்காரர் கவனிக்க வேண்டியது அது அமைந்திருக்கும் இடத்தையே. இவ்வியந்திரத்திற் காற்று உட்செல்லும் குழாயும் புகை வெளிவரும் குழாயும் ஒரே பக்கத்தில் உள்ளன. காபுரேற்றருக்கு நேர் கீழே, ஓடும்போது கொதிக்கும் புகைக்குழாய் இருக்கின்றது. ஆகவே, காபுரேற்றரிலிருந்து வழியும் ஒவ்வொரு துளியும் கொதிநிலையிலுள்ள இரும்பின்மீதே விழும். விழுந்த பெற்றோல் உடனே ஆவியாகி இயந்திர அறையெங்கும் பரவும். பின்னர் தளர்ந்த மின்கம்பியொன்றிலிருந்து எழும் சிறு பொறியே போதும். வண்டியோடு ஏற்றிய மரக்கறியும், சிலவேளை ஓட்டுபவரின் உயிரும் போகக்கூடிய விபத்து இவ்வாறுதான் உண்டாகின்றது.

மிதவை அறை தொழிற்படும் விதம்

கசிவைத் திருத்துமுன் காபுரேற்றர் தொழிற்படும் விதத்தை அறிதல் வேண்டும். வயலுக்கு நீர் பாய்ச்சுவோருக்கு இது கடினமானதன்று. பாத்தியில் நீர் குறித்த அளவுக்கு வந்ததும் மடையை அடைக்கின்றோம், வற்றியதும் திறக்கின்றோம். காபுரேற்றரின் பக்கத்திலுள்ள சிறு பாத்திரமாகிய மிதவை அறையில் இவ்வேலையை மிதவையொன்று தானாகவே செய்கின்றது. பம்பிலிருந்து பெற்றோல் வந்து நிரம்ப மிதவை மேலெழும்; எழும் மிதவை மூடியிலுள்ள சிறு நெம்பைத் தள்ளும்; நெம்பு ஊசி வால்வை அதன் இருக்கையில் அழுத்தும்; வரத்து நின்றுவிடும். இயந்திரம் பெற்றோலைச் செலவிட மட்டம் தாழும்; ஊசி விலகி மீண்டும் வரத்துக் கொடுக்கும்.

இம்மட்டம் ஜெட் எனப்படும் சிறு குழலின் வாய்க்குச் சற்றுக் கீழே நிற்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. அடைபடாத மடையால் நீர் வரம்பைக் கடந்து வழிவது போல, ஊசி சரியாக அடையாவிடின் பெற்றோல் இம்மட்டத்தைக் கடந்து ஜெட்டின் வாயாலும் மிதவை அறை மூடியின் வழிகுழாயாலும் வழியும். வெளியே காணப்படும் ஈரம் ஓரிடத்திலும் பழுது வேறோரிடத்திலும் இருப்பது இதனாலேயே. கண்ட கண்ட ஆணிகளையெல்லாம் இறுக்குவதால் பயன் இல்லாததும் இதனாலேயே.

வேலைக்கு முன்

வண்டியை வீட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே காற்றோட்டமான இடத்திற்குத் தள்ளிக் கொண்டுவருதல் வேண்டும். பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. மேலெழுந்து போகாது நிலத்தோடு படர்ந்து பள்ளங்களில் தங்கும். பத்து முழத்துக்கு அப்பால் எரியும் அடுப்பும் ஆபத்தானதே. சுருட்டு, பீடி, இலாந்தர் ஆகிய யாவும் விலக்கத்தக்கன. இயந்திரம் நன்கு ஆறிய பின்னரே தொடுதல் வேண்டும். சோதனைக்காகச் சுவிச்சைப் போடும் வேளை தவிர மற்றெல்லா வேளைகளிலும் பற்றரியின் ஒரு கம்பியைக் கழற்றி வைத்தல் நன்று. அருகில் ஒரு வாளி உலர்ந்த மணலும் நனைத்த சாக்கொன்றும் இருக்கட்டும். பெற்றோல் தீயில் நீர் ஊற்றலாகாது. எரியும் பெற்றோல் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

கசியும் இடத்தைக் கண்டறிதல்

காபுரேற்றரையும் அதனோடு சேர்ந்த குழாய்களையும் முதலிலே தூய சீலையால் முற்றாகத் துடைத்து உலரவிடுதல் வேண்டும். அழுக்கேறிய காபுரேற்றரிற் கசிவிடத்தைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவதற்கு ஒப்பாகும். உலர்ந்த பின், இயந்திரத்தைத் தொடக்காமற் சுவிச்சை மாத்திரம் போட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டல் வேண்டும்.

மைனரின் மின் பம்பு இவ்விடத்திற் பேருதவி புரிகின்றது. சுவிச்சுப் போட்டதும் அது “டிக், டிக்” என விரைவாக அடிக்கும். மிதவை அறை நிரம்பியதும் அடி மெதுவாகி நின்றுவிடும். இயந்திரம் ஓடாத வேளையிற் பம்பு நிற்காது அடித்துக்கொண்டேயிருந்தால் எரிபொருள் எங்கோ வெளியேறுகின்றது என்பது தெளிவு. அவ்வாறு அடிக்கும்போது வழிகுழாயில் அல்லது ஜெட்டின் வாயிற் பெற்றோல் வழிந்தால் பழுது ஊசி வால்விலோ மிதவையிலோதான். பம்பு அடித்தும் எங்கும் ஈரம் இல்லையெனின், தாங்கிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயிற் காற்றுப் புகுகின்றதெனக் கொள்ளலாம். அது வேறு வேலை. பம்பு ஒழுங்காக நின்றபின்னரும் காபுரேற்றரின் அடியில் மெல்ல ஈரம் கட்டினால் ஜெட்டின் அடைப்புத் தக்கையையோ மிதவை அறையைப் பிணைக்கும் ஆணியின் வாசரையோ ஐயுறுதல் வேண்டும்.

சில ஒஸ்ரின் வண்டிகளில் இயந்திரத்தாலேயே இயக்கப்படும் பம்பு உள்ளது. இவற்றில் “டிக்” ஒலி கேளாது. இயந்திரத்தைச் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்திய உடனே பார்த்தல் வேண்டும்.

ஊசியும் மிதவையும்

பத்துக் கசிவில் ஏழெட்டு இவ்விரண்டிலேயே முடியும் என்று அனுபவமுள்ள திருத்துவோர் கூறுவர். ஆதலின் இவற்றிற் பொறுமையாக வேலை செய்தல் பயன் தரும்.

எளிய காரணம் அழுக்கு. ஊசிக்கும் அதன் இருக்கைக்குமிடையில் மணற்றுகள் ஒன்று சிக்கினாலும் வால்வு அடையாது. எரிபொருளைக் கலன்களிலும் போத்தல்களிலும் சேமிக்க நேர்ந்த காலங்களில், சிறப்பாக 2022 ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டின்போது, பழைய தாங்கிகளுக்குள் நீரும் துருவும் தூசியும் புகுவதற்குப் பெரிதும் இடமிருந்தது. வழியில் வண்டி நின்று பெற்றோல் வழியுமாயின், மிதவை அறையின் மூடியைத் திருப்புளியின் மரப்பிடியால் மெதுவாக இரண்டு மூன்று முறை தட்டினால் துகள் விலகி வால்வு அடைபடுதலும் உண்டு. சுத்தியலால் அடித்தலாகாது. இவ்வாறு தட்டிச் சரிவந்த வண்டியை வீடு சேர்ந்ததும் திறந்து சுத்தஞ் செய்தல் வேண்டும். அதே துகள் மறுநாளும் அங்கேயே இருக்கும்.

மூடியைக் கழற்றும்போது அதன் வாசர் எந்த ஒழுங்கில் இருந்தது என்பதைக் கவனித்துக்கொள்க. மூடியின் உட்புறத்தில் கவர்போன்ற நெம்பொன்று மெல்லிய முளையில் ஆடும். முளையை இழுத்தால் நெம்பு கையில் வரும். ஊசி தானாக விழும். விழும் ஊசியைப் புழுதியில் தேடாதிருக்கக் கீழே வெள்ளைத் துணியை விரித்தல் நல்லது. ஊசியின் கூர்ப்பகுதியை வெளிச்சத்திற் பார்க்க. அது மினுமினுப்பாகவும் ஒழுங்கான கூம்பாகவும் இருத்தல் வேண்டும். சுற்றிவர வரம்புபோல் ஒரு தேய்ந்த கோடு விழுந்திருந்தால் அவ்வூசி இனி அடையாது. அதனை அரத்தால் தேய்த்து அழகுபடுத்த முயல்வது வீண்வேலை. ஊசியையும் இருக்கையையும் சேர்த்தே புதிதாக மாற்றுதல் வேண்டும்; பழைய இருக்கையிற் புதிய ஊசியை வைப்பது தேய்ந்த உரலுக்குப் புதிய உலக்கை செய்தது போலாகும்.

அடுத்து மிதவை. பித்தளை மிதவையைக் காதருகே பிடித்து ஆட்டினால் உள்ளே பெற்றோல் அலம்பும் ஒலி கேட்குமாயின் அது ஓட்டையானது. ஓட்டை மிதவை பாரமாகித் தாழ்ந்துவிடும். மட்டம் உயர்ந்தும் ஊசி அடையாது. ஐயம் இருப்பின் அதனை வெந்நீரில் அமிழ்த்துக. ஓட்டையிருக்குமிடத்திற் குமிழிகள் வரிசையாக எழும். வெந்நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அடுப்புக்கு நெடுந்தூரம் கொண்டுபோய் வைத்தே இச்சோதனையைச் செய்தல் வேண்டும்.

ஓட்டையை ஈயம் பற்றி அடைக்கும் வழக்கம் உண்டு. இதிலே பெரும் அபாயம் இருக்கின்றது. உள்ளே சிறிதளவு பெற்றோல் எஞ்சியிருந்தாலும் சூடான பற்றுக்கோல் பட்டவுடன் மிதவை வெடிக்கும். மேலும், பற்றிய ஈயத்தின் பாரமே மிதவையைத் தாழ்த்தி மட்டத்தை உயர்த்திவிடும். கசிவை அடைக்கப்போய்க் கசிவை உண்டாக்கியதாக முடியும். புதிய மிதவை கிடைக்குமாயின் அதனை வாங்குவதே சிக்கனம்.

ஊசியும் மிதவையும் நல்லனவாக இருந்தும் வழிந்தால் மட்டம் பிழைத்திருக்கும். முந்திய எச் வகை எஸ்.யு. காபுரேற்றரில் இதனைச் சோதிக்கும் முறை இலகுவானது. மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசியை அதன் இடத்தில் வைத்து, 7/16 அங்குல விட்டமுள்ள உருண்டைக் கம்பியை மூடியின் உள் விளிம்பின்மேல் குறுக்கே வைக்குக. அவ்வளவுள்ள துறப்பண அலகின் காம்பே போதும். நெம்பின் வளைந்த பாகம் கம்பியைத் தொட்டவாறு நிற்க, ஊசியும் அடைபட்டிருத்தல் வேண்டும். அப்படி இல்லாவிடின் நெம்பின் கவர் தொடங்கும் இடத்தில் மிகச் சிறிதளவு வளைத்துச் சரிசெய்யலாம். இரண்டு கவரும் ஒரே மட்டத்தில் இருப்பது அவசியம். பிந்திய எச்.எஸ். வகையில், மூடியோடு இணைந்த நைலோன் மிதவை இருக்கும். அதன் அளவு வேறு. முந்திய வகையின் கம்பியை இதற்கு வைத்து வளைத்தால் புதுப் பழுதே உண்டாகும். தம்மிடமுள்ளது எவ்வகையென அறியாதவர் அறிந்தவரிடம் காட்டிக் கேட்டல் நன்று.

இன்னுமொன்று. பழைய பம்பு பழுதாகிவிட, பிற்கால வண்டியொன்றின் மின் பம்பை மைனருக்குப் பூட்டுவாரும் உளர். மைனரின் பம்பு மிக மெல்லிய அழுத்தத்தையே தருவது. எரிபொருளைப் பீய்ச்சி உட்செலுத்தும் புதிய வகை வண்டிகளின் பம்பு அதனைப் போற் பல மடங்கு அழுத்தமுடையது. எத்துணைப் புதிய ஊசியும் அதன் முன் நிற்காது. பம்பு மாற்றிய நாள்முதல் கசிவு தொடங்கியதாயின் காபுரேற்றரைக் கழற்றுமுன் பம்பையே நோக்குதல் வேண்டும்.

ஜெட்டின் தக்கைகள்

எச் வகைக் காபுரேற்றரில், சோக்கை இழுக்கும்போது ஜெட் கீழே இறங்கும். இறங்கி ஏறும் அக்குழலைச் சுற்றிப் பெற்றோல் வழியாதவாறு சிறு தக்கை வளையங்கள் அடைத்து நிற்கின்றன. தக்கை பெற்றோலில் ஊறியிருக்கும்வரை பருத்து நன்கு அடைக்கும். மாதக்கணக்கில் ஓடாது நின்ற வண்டியில் அது உலர்ந்து சுருங்கிவிடும். பெரும்போகம் முழுவதும் கொட்டகையில் நின்று, அறுவடையின் பின் தொடக்கப்பட்ட வண்டியில் அடியில் ஈரம் தோன்றுவதற்கு இதுவே காரணமாகலாம். சிலவேளை இரண்டொரு நாள் ஓடத் தக்கை மீண்டும் ஊறிக் கசிவு நின்றுவிடும். நில்லாவிடின் மாற்றுதல் வேண்டும்.

புதிய தக்கைகளை மெல்லிய எண்ணெயில் ஊறவைத்த பின்னரே இடுதல் வேண்டும். உலர்ந்த தக்கை இறுக்கும்போது உடையும். ஜெட்டைக் கழற்றிப் பூட்டினால் அதனை மீண்டும் நடுவில் நிறுத்துவது இன்றியமையாதது. ஜெட்டை மேலெல்லைக்கு உயர்த்தி வைத்து, காபுரேற்றரின் உள்ளேயிருக்கும் பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால், அது தடையின்றி விழுந்து “டக்” என்ற உலோக ஒலி எழுப்புதல் வேண்டும். ஒலி இல்லையேல் பிஸ்டனின் ஊசி ஜெட்டின் பக்கத்தில் உராய்கின்றது. அதனை அப்படியே விட்டு ஓட்டினால் ஊசியும் ஜெட்டும் தேய்ந்து எரிபொருட் செலவு கூடிவிடும். இவ்வேலையை முதன்முறை செய்வோர் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மிதவை அறையைக் காபுரேற்றரோடு பிணைக்கும் ஆணியின் நார் வாசர்கள் மலிவானவை. கழற்றும் ஒவ்வொரு முறையும் புதியன இடுக. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் வாசர் பிளக்கும், மென்மையான உலோகத்தின் மரையும் போய்விடும்.

செய்யத்தகாதன

துவிச்சக்கரவண்டியின் பழைய ட்யூபை வெட்டி வாசராக இடுதல் கிராமங்களில் வழக்கம். அவ்விறப்பர் பெற்றோலில் ஊறிப் பருத்து, மென்மையாகிச் சிதையும். ட்யூப் ஒட்டும் பசையோ பெற்றோலிற் கரைந்தே போகும். குழாயிலடைத்து விற்கப்படும் சிலிக்கோன் பசையும் பெற்றோலில் இளகும். அதன் துண்டொன்று ஜெட்டில் அடைத்தால் முந்திய பழுதே மேல் என்று தோன்றும். சவர்க்காரத்தைத் தேய்த்துத் தாங்கியின் வெடிப்பை அடைத்து வீடு சேர்வது பழைய உபாயம். சவர்க்காரம் பெற்றோலில் இலகுவிற் கரையாமையால் அது சிறிது நேரம் பயன் தருவதும் உண்மையே. ஆயினும் அதனைத் தாங்கிக்கு வெளியே மாத்திரம் பூசலாம்; காபுரேற்றருக்குள் விடலாகாது.

ஒஸ்ரின் வண்டிகள் சிலவற்றிலுள்ள செனித் காபுரேற்றரில், அளந்து துளையிட்ட பித்தளை ஜெட்டுகள் இருக்கின்றன. அடைப்பை நீக்கக் கம்பியால் குத்தினால் துளை பெருத்துவிடும். துவிச்சக்கரவண்டிப் பம்பால் காற்று ஊதுவதே போதுமானது. வாயால் ஊதுவதும் உறிஞ்சுவதும் வேண்டா. மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் தற்செயலாக உட்சென்று சுவாசப்பையை அடைந்தால் உயிருக்கே கேடு. விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

மண்ணெண்ணெய் பாவித்த வண்டிகள்

1990 இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில், சில துளி பெற்றோலால் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடியவை இப்பழைய வண்டிகளே. அக்காலத்தில் வண்டியைக் காத்தவர்கள் ஓர் உண்மையை நன்கறிவர்: மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. வழிந்து சிலிண்டருக்குள் இறங்கும் மண்ணெண்ணெய் பிஸ்டனைக் கடந்து கீழேயுள்ள எண்ணெயுடன் கலந்து அதனை நீராளமாக்கும். பெற்றோலும் மிகுதியாக இறங்கினால் இக்கேட்டையே செய்யும். எண்ணெய் அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்கும்போது, ஊற்றாமலே மட்டம் உயர்ந்தும் எரிபொருள் மணத்தோடும் இருந்தால் வண்டியை மேலும் ஓட்டலாகாது. கசிவைத் திருத்தி எண்ணெயை முற்றாக மாற்றிய பின்னரே ஓட்டுதல் வேண்டும். தேய்ந்த பேரிங்கை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் எண்ணெயின் விலை அற்பமானது.

நீரிறைக்கும் இயந்திரத்திலும் இதுவே

வண்டி இல்லாத கமக்காரரும் இதனை அறிந்திருத்தல் நலம். கிணற்றடியிலுள்ள சிறு நீரிறைக்கும் இயந்திரத்தின் காபுரேற்றரிலும் மிதவையும் ஊசியும் உள்ளன. ஒரு வேறுபாடு உண்டு. மைனரில் எரிபொருட் தாங்கி வண்டியின் பின்னே தாழ்வாக இருப்பதால், சுவிச்சை அணைத்ததும் பம்பு நின்று வரத்தும் நின்றுவிடும். நீரிறைக்கும் இயந்திரத்திலோ தாங்கி காபுரேற்றருக்கு மேலே உள்ளது. ஊசி அடையாவிடின் இரவு முழுவதும் வழிந்துகொண்டேயிருக்கும். செக்கனுக்கு ஒரு துளி வீதம் சொட்டினால், இருபது துளி ஒரு மில்லிலீற்றர் எனக் கொண்டு கணக்கிட, பத்து மணித்தியாலத்தில் ஏறத்தாழ 1.8 லீற்றர் போய்விடும். போவது காசு மட்டுமன்று. சுண்ணக்கற் பூமியில் நிலத்திற் சிந்தும் எண்ணெய் வெடிப்புகளூடாக நிலத்தடி நீரை எளிதில் அடையும். அக்கிணற்று நீரையே வீட்டாரும் குடிக்கின்றனர். ஆகவே, இறைப்பு முடிந்ததும் தாங்கியின் கீழுள்ள எரிபொருட் திறப்பை மூடிவிடுதல் வேண்டும். இயந்திரத்தைக் கிணற்றுக் கட்டின்மேல் வையாது சற்று விலக்கி, அடியில் ஒரு தகரத் தட்டை வைப்பது நல்ல ஏற்பாடு.

திருத்திய பின்

எல்லாவற்றையும் பூட்டிப் பற்றரிக் கம்பியைத் தொடுத்து, இயந்திரத்தைத் தொடக்காமற் சுவிச்சைப் போட்டு ஐந்து நிமிடம் காத்திருத்தல் வேண்டும். பம்பு சில அடிகளில் நின்று, பின்னர் அமைதியாக இருந்தால் ஊசி அடைபட்டுள்ளது. வெள்ளைக் கடதாசித் துண்டொன்றை மிதவை அறையின் அடியிலும் ஜெட்டின் அடியிலும் ஒற்றிப் பார்க்க. கடதாசி உலர்ந்திருப்பின் இயந்திரத்தைத் தொடக்கிச் சூடேறும்வரை ஓடவிட்டு, நிறுத்தி, ஆறியபின் மீண்டும் ஒற்றுக. மறுநாட் காலை, சந்தைக்குப் பாரம் ஏற்றுமுன், மூன்றாம் முறையும் முன்மூடியைத் திறந்து மணந்து பார்த்த பின்னரே வண்டியை வீதிக்கு எடுத்தல் வேண்டும்.